புது டிரம்ஸ் செட்: ஒலி பார்த்து வாங்குதல்

புதிய டிரம்ஸ் செட்டில் குச்சி பட்டதும் முதலில் காதில் விழுவது தோலின் ஒலி. அதையடுத்து அறையின் ஒலி. காசு கொடுத்து வாங்கப்படும் ஷெல்லின், அதாவது டிரம்மின் மரக்கூட்டின் ஒலி இந்த இரண்டுக்கும் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. தோல் சில மாதங்களில் மாற்றப்படும். அறை ஒவ்வொரு கச்சேரிக்கும் மாறும். ஷெல் மட்டும் பத்து, இருபது வருடம் கூடவே வரும். ஆகவே கடையில் நிற்பவரின் வேலை, மாறப்போகிற இரண்டையும் காதிலிருந்து விலக்கிவிட்டு மாறாத ஒன்றைக் கேட்பதுதான். பல வருடம் வாசித்தவர்களுக்கும் இது முதல் தட்டிலேயே பிடிபடுவதில்லை. டியூனிங் கீயும் அரை மணி நேரப் பொறுமையும் இருந்தால் பிடிபட்டுவிடும்.

செட் என்று ஒன்றாகச் சொன்னாலும் உள்ளே இருப்பவை தனித்தனிக் கருவிகள். காலால் மிதிக்கும் பேஸ் டிரம்மை வாசிப்பவர்கள் கிக் என்பார்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஸ்நேர், எதிரே இரண்டு டாம், வலப்பக்கம் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம். இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் கடையில் சொல்லும் ‘ஃபைவ் பீஸ்’. நல்ல தரத்துச் செட்டுகளில் சிம்பல்கள் பெரும்பாலும் விலையில் சேராது. ஒரே ஆள் உட்கார்ந்து இத்தனையையும் வாசிக்க வழி பிறந்தது, சிகாகோவில் லட்விக் சகோதரர்கள் 1909-இல் வேகமாக இயங்கும் கால் பெடலைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகு. அந்தக் காலத்து டாம்கள் சீனாவிலிருந்து வந்தவை. தோலை ஆணியடித்து இறுக்கியிருப்பார்கள். சுருதி ஏற்றவோ இறக்கவோ முடியாது. 1930-களில் ஜாஸ் டிரம்மர் ஜீன் குரூப்பாவின் வற்புறுத்தலால் ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனம் மேல்தோல், கீழ்த்தோல் இரண்டையும் திருகி முறுக்கும் டாம்களைச் செய்தது. ஒரு டிரம் நன்றாகப் பேசுகிறதா என்று கேட்டுப் பார்த்து வாங்குவதற்கே அதன் பிறகுதான் பொருள் வந்தது.

தோல் என்று இன்றும் சொல்கிறோமே தவிர அது தோல் அல்ல. 1950-களின் நடுப்பகுதி வரை கன்றுக்குட்டித் தோல்தான் இருந்தது. ஈரக்காற்றில் அது தொய்ந்துவிடும், வெயிலில் விறைத்துவிடும். 1957-இல் ரெமோ பெல்லி தொடங்கிய நிறுவனம் மைலார் என்ற பாலியெஸ்டர் படலத்தை வளையத்தில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. எவன்ஸ் நிறுவனமும் அதே காலத்தில் அந்த வழிக்கு வந்தது. சென்னை போன்ற கடலோர ஊரில் மார்கழிக் காலையிலும் சித்திரை மதியத்திலும் ஒரே செட் ஏறத்தாழ ஒரே சுருதியில் நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் இந்தப் படலம்தான்.

மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு டிரம்ஸ் வாங்கும்போது ஒரு சங்கடம் வரும். வட்டமான வெறும் தோலைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக இருப்பதில்லை. அடிச்சுரத்தை 1 என்று வைத்தால் அடுத்தடுத்து வருபவை 1.59, 2.14, 2.30 என்று சிதறிக் கிடக்கும். ஒன்றோடொன்று ஒட்டாத இந்தச் சுரங்கள்தான் டாமைத் தட்டியதும் கேட்கும் ‘ஙொய்ங்’ என்ற இழுவை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கரணை இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தி மேல்சுரங்களை முழு மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. இதைச் சர். சி. வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-இல் இந்தியத் தோற்கருவிகளைப் பற்றி விரிவான ஆய்வும் வெளியிட்டார். டிரம்ஸில் கரணை கிடையாது. எனவே கொஞ்சம் இழுவை அதன் பிறவிக்குணம். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு, நல்ல டாமையே ‘ரிங் அடிக்குது’ என்று ஒதுக்கிவிட்டு, உள்ளே உயிரில்லாத ஒன்றை ‘சுத்தமா இருக்கு’ என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று கேட்டால் அந்த இழுவையில் பாதி காணாமல் போகும். கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்தால் மீதியும் மறைந்துவிடும். டிரம்முக்கு முழக்கத்தைத் தருவதே அந்த இழுவைதான்.

அளவை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. மற்ற எதையும்விட ஒலியை அதிகம் தீர்மானிப்பது விட்டம்தான். 12, 13, 16 அங்குல டாம்களும் 22 அங்குலக் கிக்கும் கொண்ட செட் நெடுநாளாக ராக் இசைக்கான அளவாக இருந்து வருகிறது. 10, 12, 14 என்று ஓர் அளவு குறைந்தவை ஃப்யூஷன் செட். 12, 14 அங்குலமும் 18 அங்குலக் கிக்கும் உள்ள சின்னச் செட் ஜாஸுக்கு உரியது. திறந்த மேடையில் ஸ்பீக்கர் கட்டி நடக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கு 22 அங்குலக் கிக் சரி. முந்நூறு பேர் உட்காரும், ஓட்டுக்கூரையோ கான்கிரீட்டோ போட்ட தேவாலயத்துக்கு 20 அங்குலமே தாராளம். பெரிய செட்டை அடக்கி வாசித்தால் அதன் தோல் முழுதாக அசையாது, ஒலி சப்பையாக வரும். சின்னச் செட்டை வேண்டிய அளவுக்கு நிமிர்ந்து வாசிக்கலாம். 12, 13 என்று அடுத்தடுத்த அளவில் இரண்டு டாம் இருந்தால் அவற்றுக்கிடையே சுருதி இடைவெளி விடுவதும் சிரமம். 10-உம் 12-உம், அல்லது 12-உம் 14-உம் இருந்தால் கீழிருந்து மேலுக்கு ஸ–ம இடைவெளி சிரமமில்லாமல் வரும்.

அடுத்து மரம். கடையில் அதிகம் பேசப்படுவது இதுதான். பேச்சுக்குத் தகுந்த வேற்றுமை இதில் இல்லை. மேப்பிள் மரத்தில் தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகள் சீராக வரும், கொஞ்சம் இதமாக இருக்கும். பர்ச்சில் அடியும் உச்சியும் தூக்கலாக, நடு சற்றே பள்ளமாக வரும். அதனால்தான் 1970-களில் யமஹா பர்ச் மரத்தில் செய்த ரெக்கார்டிங் கஸ்டம் செட், மைக் முன்னால் எந்தத் திருத்தமும் இல்லாமலே எடுபட்டது. ஸ்டீவ் கேட் போன்றவர்கள் அதைக் கையில் எடுத்தபின் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம் பிடித்தது. மஹோகனி அடியொலிக்குப் பெயர் பெற்றது. விலை குறைந்த செட்டுகள் பாப்ளர், பாஸ்வுட் போன்ற மெல்லிய மரங்களில் வருகின்றன. இவை மோசமான மரங்கள் அல்ல. 1960-களில் உலகம் முழுக்கக் கேட்ட லட்விக் ஷெல்களின் மூன்று அடுக்கில் நடு அடுக்கு பாப்ளர்தான். மரத்தின் பெயரைவிட ஷெல்லின் கனம் ஒலியை அதிகம் மாற்றும். மெல்லிய ஷெல் தானும் அதிர்ந்து தாழ்ந்த சுருதியில் முழங்கும். கனத்த ஷெல் அதிராமல் தோலின் ஒலியை உரத்து முன்னே தள்ளும்.

உலகத்தில் மிகவும் பேர்போன டிரம்ஸ் செட்டின் கதையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். 1963-இல் லண்டன் கடை ஒன்றில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் லட்விக் செட்டை எடுத்தது அதன் கருஞ்சிப்பி நிறம் பிடித்துப்போய்த்தான். கிக் 20 அங்குலம். பெரிய பெரிய கூட்டங்களுக்கு வாசித்த செட் அளவில் சின்னதுதான். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏழு கோடிக்கும் அதிகமானோர் ரிங்கோவின் லட்விக் செட்டைப் பார்த்தார்கள், லட்விக்குக்கு ஆர்டர் குவிந்தது. ஆனால் பீட்டில்ஸின் பிற்காலப் பதிவுகளில் கேட்கும் அந்தத் தடித்த, குட்டையான டாம் ஒலியில் மரத்துக்கு இருக்கும் பங்கு கொஞ்சம்தான். தளர்த்திய தோலும், அதன்மேல் போட்டு வைத்த சமையலறைத் துண்டும், நெருங்கி வைத்த மைக்கும்தான் அந்த ஒலி.

ஷெல்லில் உண்மையாகவே பார்க்க வேண்டிய இடம் விளிம்பு. தோல் மரத்தைத் தொடுவது அந்த ஒரு கோட்டில் மட்டும்தான். ஷெல்லின் வாய்ப்பகுதியை உட்புறமாகச் சாய்த்துச் சீவி, உச்சியில் ஒரு கூர்மை விட்டிருப்பார்கள். சாய்வு 45 பாகையாகவும் உச்சி கூராகவும் இருந்தால் தோல் மரத்தை மிகக் குறைவாகவே தொடும். ஒலி பளிச்சென்று எழும்பி நீளும். 30 பாகையாகவோ உருட்டியதாகவோ இருந்தால் தொடும் பரப்பு அதிகம். மரம் ஒலியின் உச்சியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும், தட்டு உருண்டையாக விழும். கிரெட்ஷ் நிறுவனச் செட்டுகளின் தனிக்குரலுக்கு அவர்கள் விடாமல் வைத்திருக்கும் 30 பாகை விளிம்பும், தோலை இறுக்கிப் பிடிக்கும் வார்ப்பு வளையமான ரிம்மும் பெரிய காரணம். எந்த விளிம்பு உசத்தி என்ற கேள்வியில் பயனில்லை. விளிம்பு முழுச் சுற்றும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்பதே கேள்வி. அரை மில்லிமீட்டர் பள்ளம் போதும், அந்த இடத்தில் தோல் என்ன முறுக்கினாலும் சுருதி சேராது.

இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வீட்டுச் சமையலறையின் கிரானைட் மேடை போதும். தோலையும் ரிம்மையும் கழற்றிய 12 அங்குல டாம் ஷெல்லை மேடைமேல் கவிழ்த்து, உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு, மேல் வாயை ஒரு தட்டால் மூடி, விளக்கை அணைக்க வேண்டும். விளிம்பு சரியாக இருந்தால் கல்லும் மரமும் சேரும் இடத்தில் இருட்டாக இருக்கும். மட்டம் தவறிய இடத்தில் நூல்போல ஒரு வெளிச்சக் கோடு ஒழுகும். அந்தக் கோட்டுக்குள் ஒரு காகிதம் நுழைந்தால் ஷெல்லைத் திருப்பிக் கொடுக்கலாம். வெளிச்சம் ஒழுகுவது மேடை மட்டமில்லாததாலும் இருக்கலாம். ஷெல்லை அரைச் சுற்றுத் திருப்பி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தனை வருடப் பழக்கத்தில், விலைப்பட்டியலில் மேலே இருந்த செட்டுகளில் ஒழுகிய வெளிச்சமும் உண்டு, அடிமட்டச் செட்டுகளில் துளிகூட ஒழுகாததும் உண்டு. ஆகவே இந்தச் சோதனையைச் செய்யாமல் விலையை நம்பக் கூடாது.

கடையில் ஷெல்லைக் கழற்ற விடாவிட்டாலும் விரல் போதும். ஆள்காட்டி விரலை விளிம்பின்மேல் மெல்ல ஓட்டினால் மேடு பள்ளம், அடுக்கு பிரிந்த இடம், வார்னிஷ் கட்டி எல்லாம் தட்டுப்படும். வெளியே ஒட்டிய பளபளப்பான பிளாஸ்டிக் உறையின் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஒரு தேவாலயத்துக்கு வந்த செட்டில் 10 அங்குல டாம் மட்டும் எவ்வளவு முயன்றும் அபசுரமாகவே நின்றது. தோலை மாற்றினார்கள், ரிம்மை மாற்றினார்கள், கடைசியில் டாமையே தள்ளி வைத்துவிட்டு வாசித்தார்கள். உறையின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய இடத்தில் ஷெல் தடித்து, தோலின் வளையம் அங்கே மாட்டிக்கொண்டு உட்காராமல் நின்றதுதான் காரணம். மேல்முனையை விளிம்போரமாக ஒரு விரல் அகலத்துக்குச் சீவி எடுத்ததும் அன்று மாலையே அது பேசியது. தோலை ஷெல்மேல் வெறுமனே வைத்துச் சுற்றிப் பார்த்தால் இந்தக் குறை வாங்கும்போதே தெரிந்திருக்கும். தோல் எங்கும் இடிக்காமல் வழுக்கிச் சுற்ற வேண்டும்.

ரிம், லக், ஸ்டாண்டு ஆகியவற்றில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. மடித்த எஃகு ரிம் 1.6 மி.மீ. கனத்திலும் 2.3 மி.மீ. கனத்திலும் வருகிறது. கனமானது சுருதியைப் பிடித்து வைக்கும், மெல்லியது ஒலியைத் திறந்து விடும். ரிம்மை இறுக்கும் திருகாணிகளான டென்ஷன் ராடுகள் கையாலேயே சிக்காமல் திரும்ப வேண்டும். ஒன்று கரகரவென்றால் அது திருகி இறங்கும் லக்கின் மரை பழுது. டாம் மாட்டும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். ஷெல்லைத் துளைத்துக் குழாயை உள்ளே விடும் பழைய முறையில் அதிர்வில் ஒரு பகுதி ஸ்டாண்டுக்குள் இறங்கிவிடும். சோதிப்பது எளிது: டாமை ரிம்மில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஒரு தட்டு, ஸ்டாண்டில் மாட்டி ஒரு தட்டு. இழுவை பாதியாகக் குறைந்தால் மாட்டும் முறை ஒலியைத் தின்கிறது என்று பொருள்.

இனி உண்மையான சோதனை, சுருதி. புதுச் செட்டுகளில் நடுத்தர விலைக்குக் கீழ் வருபவற்றில் தொழிற்சாலையில் போட்டுவிடும் தோல்கள் பெரும்பாலும் வாசிப்பதற்கு அல்ல, பெட்டிக்குள் மூடி வைப்பதற்கு. அவற்றோடு கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. சந்தேகமான செட்டென்றால் 12 அங்குல நல்ல தோல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், அந்த ஒரு டாமில் மட்டும் போட்டுப் பார்க்கக் கேட்கலாம். ஓர் அடுக்குத் தோல் 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர். ஷெல்லின் குரலை மறைக்காமல் காட்டுவது இதுதான். 7 மில் வீதம் இரண்டடுக்கான தோல் தடித்த, அடங்கிய ஒலி தரும், நீண்ட நாள் உழைக்கும். மேடைக்கு அது நல்லது. ஷெல்லைச் சோதிக்க ஓர் அடுக்கே சரி.

12 அங்குல டாமில் சோதனை இப்படிப் போகும். எல்லா ராடுகளையும் தளர்த்திவிட்டு, விரலால் எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு மட்டும் திருக வேண்டும். பிறகு உள்ளங்கையை நடுவில் வைத்து அழுத்தித் தோலை விளிம்பில் உட்காரவைத்து, டியூனிங் கீயால் ஒன்றுக்கு எதிரே ஒன்றாகக் கால் கால் சுற்று. கீழ்த்தோலை ஸ்டூல் குஷன்மேல் வைத்து வாயடைத்துவிட்டு, ஒவ்வொரு ராடுக்கும் ஓர் அங்குலம் உள்ளே விரலால் மெல்லத் தட்டினால் அந்தப் புள்ளியின் சுருதி கேட்கும். மிருதங்க வித்வான் கல்லால் தட்டித் தட்டி வலந்தலையின் எல்லாப் புள்ளியையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருகிறாரே, அதே வேலைதான். அங்கே பதினாறு புள்ளி, இங்கே ஆறு. மிருதங்கம் படித்த பையன்கள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வதைப் பலமுறை பார்க்கலாம்.

சுருக்கம் மறைந்த நிலையில் தோல் தொளதொளவென்று ஒரு சாக்குத்துணி ஒலி தரும். கால் சுற்று ஏற்றித் தட்டினால் அடியில் ஒரு சுரம் தலைகாட்டும். இன்னொரு கால் சுற்றில் ஷெல்லின்மேல் வைத்த இடது கை விரலில் அதிர்வு ஏறும். டிரம் அங்கே வாய் திறந்துவிட்டது. அதற்கும் மேலே ஏற்ற ஏற்றச் சுரம் உயர்ந்து, ஒலி இறுகி, ஓர் இடத்தில் கழுத்தை நெரித்ததுபோல் குட்டையாகிவிடும். வாய் திறந்த இடத்துக்கும் கழுத்து நெரிபடும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த டிரம்மின் தரம். நல்ல ஷெல்லில் அந்தத் தூரம் ஸ-விலிருந்து ம வரை போகும், அருமையான சிலவற்றில் ப-வைத் தொடும். மட்டமான ஷெல்லில் ஒரே ஒரு இடத்தில்தான் ஒலி வரும், ஒரு கால் சுற்று இப்படியோ அப்படியோ போனால் செத்துவிடும். கடைக்காரர் அந்த ஓர் இடத்தில் சுருதி வைத்திருந்தால் இரண்டு ஷெல்லும் கேட்க ஒன்றுபோலவே இருக்கும். வாங்கிப் போனவர் ஆறு மாதம் கழித்துத் தோல் மாற்றும்போதுதான் வேறுபாடு தெரியவரும்.

இரண்டு தோலுக்கும் உள்ள உறவையும் அப்போதே பார்த்துவிடலாம். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் இழுவை மிக நீளம். கீழ்த்தோல் சற்று உயர்ந்திருந்தால் ஒலி தெளிவாகி, வேண்டிய நேரத்தில் அடங்கும். பாட்டுக்கு வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் விரும்புவது இதையே. இரண்டின் சுருதியையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும்போது மாற்றம் பளிச்சென்று கேட்டால் ஷெல் நேர்மையானது. என்ன செய்தாலும் ஒலி அப்படியே இருந்தால் விளிம்பையோ ஷெல்லின் வட்டத்தையோ மறுபடி சந்தேகிக்க வேண்டும்.

கிக்கைக் கடையில் மதிப்பிடுவது கடினம். சின்ன அறையில் அதன் அடியொலி விரியாது. முன்தோலில் மைக் நுழைக்க நான்கைந்து அங்குல ஓட்டை இருந்தால் ஒலி குட்டையாக, ‘தம்’ என்று நெஞ்சில் இடிக்கும். ஓட்டை இல்லாத முன்தோல் ‘தூம்’ என்று நீளும். உள்ளே தலையணை திணித்து வைத்திருந்தால் எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். தலையணையோடு எல்லாக் கிக்கும் நல்ல கிக்தான். மிதிக்கும்போது செட் முன்னால் நகராமல் பிடிக்கும் கால்கள் இரண்டும் உறுதியாக நிற்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்நேரில் தனியாக நின்று நிதானிக்க வேண்டும். ஒரு பாட்டில் டிரம்ஸின் குரல் என்று கேட்பவர் நினைவில் தங்குவது ஸ்நேர்தான். டாம்கள் எப்போதாவது வரும் விருந்தாளிகள். செட்டோடு வரும் ஸ்நேர் பெரும்பாலும் அந்தச் செட்டின் பலவீனமான உறுப்பு. ஒரு படி கீழான செட்டை வாங்கி, மிச்சமான பணத்தில் தனியாக ஒரு நல்ல ஸ்நேரை எடுப்பது பலருக்கும் சரியான கணக்கு. 14 அங்குல விட்டமும் 5 முதல் 6½ அங்குல ஆழமும் பொது அளவு. ஒரு பக்கத்துக்குப் பத்து ராடு இருந்தால் எட்டு உள்ளதைவிடச் சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கலாம். எஃகு கூர்மையாக வெட்டும், பித்தளை கனத்து ஒலிக்கும், அலுமினியம் இரண்டுக்கும் நடுவே உலர்ந்து நிற்கும். ஒலிப்பதிவுகளில் அதிகம் கேட்ட ஸ்நேர்களில் ஒன்றான லட்விக் சுப்ராஃபோனிக் அலுமினியத்தில் செய்ததே.

ஸ்நேரின் கீழ்த்தோல் வெறும் 3 மில் கனம். அதன்மேல் இருபது சுருள் கம்பிகள் படிந்து கிடக்கும். கம்பி தோலோடு ஒட்டிப் படிவதற்காக ஷெல்லின் கீழ் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடத்தில் லேசான பள்ளம் சீவியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் கம்பி நடுவில் தொட்டு ஓரத்தில் தொங்கும். சோதனை ஓங்கி அடிப்பதில் இல்லை. குச்சியின் முனையை ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்திலிருந்து தானாக விழவிட்டால், கம்பி அந்தச் சின்னத் தொடுதலுக்கும் ‘சர்’ என்று பதில் சொல்ல வேண்டும். ஓங்கி அடித்தால் எல்லா ஸ்நேரும் பதில் சொல்லும். மெல்லத் தொட்டால் பதில் சொல்வதே கோயிலிலும் தேவாலயத்திலும் திருமண மண்டபத்திலும், தாளத்தை அடக்கி வாசிக்க வேண்டிய எல்லா இடத்திலும் மானம் காக்கும். டாமைத் தட்டும்போது ஸ்நேர் கம்பி தானே சலசலப்பது இயல்பு. டாமின் சுருதியை ஒரு நூல் மாற்றினால் குறையும். அதை ஸ்நேரின் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை.

சிம்பல் வேறொரு கட்டுரைக்கு உரிய விஷயம். ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும்: செட்டுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டுப் பித்தளைச் சிம்பலில் வந்து நிற்கக் கூடாது. நூற்றுக்கு 80 செம்பும் 20 வெள்ளீயமும் கலந்த வெண்கலம்தான் உயர்ந்த சிம்பல்கள் பெரும்பாலானவற்றின் உலோகம். 1623-இல் இஸ்தான்புல்லில் சிம்பல் தொழில் தொடங்கிய ஜில்ஜியன் குடும்பம் இன்று அமெரிக்காவில் வார்ப்பதும் அதே கலவைதான். நம் கோயில் மணிகளின் வெண்கலம் இதற்கு மிக நெருங்கியது. மணியின் நாதம் எவ்வளவு நேரம் நிற்கும், எப்படி அடங்கும் என்று கேட்டுப் பழகிய காது சிம்பலையும் அப்படியே கேட்கலாம். டாமைச் சுருதி மாற்றித் திருத்தலாம், தோலை மாற்றலாம். சிம்பல் வாங்கிய நாளில் எப்படியோ கடைசி வரை அப்படியே.

எல்லாம் முடிந்தபின் செட்டை வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, வாங்குபவர் கடையின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும் இடத்தில் சிம்பலும் ஸ்நேரின் மேல்சுரமும் காதை நிரப்பிவிடும், கிக்கின் அடியொலி அங்கே தெரிவதே இல்லை. கேட்பவர்கள் இருக்கப்போவது எதிர்ப்பக்கம். அங்கே ஐந்து டிரம்மும் ஒரே வீட்டுக் குரலாகக் கேட்கின்றனவா, அல்லது ஒன்று மட்டும் வெளியூர்க்காரன்போல் தனியே நிற்கிறதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரியும். நிறம் கண்ணில் படாதபோது காது நிதானமாகக் கேட்கும். பக்கத்துச் செட்டையும் அதே ஆளை, அதே தாளத்தை, அதே குச்சியால் வாசிக்கச் சொல்லிக் கேட்பது முறை. வாசிக்கும் கை மாறினால் செட்டே மாறியதுபோல் கேட்கும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தோல்கள் இழுபட்டுச் சுருதி இறங்கும். அதைப் பழுது என்று எண்ணி யாரும் கவலைப்பட வேண்டாம். நாளுக்கு ஒருமுறை கீயால் சேர்த்துவந்தால் சில நாளில் நிலைத்துவிடும். டேப், ஜெல் ஒட்டி அடக்குவதை அந்த வாரம் முழுக்கத் தள்ளிப்போட வேண்டும். செட்டின் குரல் என்னவென்று தெரிந்த பிறகு எவ்வளவு அடக்குவது என்று முடிவு செய்துகொள்ளலாம். நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடிப்பது ராடுகளும் லக் மரைகளும்தான். தோல் மாற்றும்போதெல்லாம் ராடுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

கடைக்குப் போகும்போது டியூனிங் கீயையும் ஒரு நல்ல 12 அங்குலத் தோலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சுருதி ஏற்றி இறக்கிப் பார்க்க விடாத கடையில் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.